ஒடுங்கிய தடித்த எழுத்து: அதன் பயனும் எல்லையும்

2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ஆம் நாள் முதல் கர்நாடக மாநிலத்தின் 12 நகரங்கள் ஆங்கிலத்திலும் தம் கன்னடப் பெயர்களைக் கொண்டே வழங்கலாயின. மைசூர் ‘மைசூரு’ ஆயிற்று. பெங்களூர் ‘பெங்களூரு’ ஆயிற்று. இம்மாற்றம் ஏட்டில் எளிதாக முடிந்துவிடும். பெயர்ப்பலகையில் அவ்வாறு முடிவதில்லை. ஆங்கிலத்தில் மைசூரின் பழைய பெயருக்கு ஆறு எழுத்துகள். புதிய பெயருக்கும் ஆறே. பெங்களூரு, மங்களூரு ஆகியவற்றிற்கு முன்பும் ஒன்பது, இப்பொழுதும் ஒன்பது. ஆனால் ஹூப்ளி ‘ஹுப்பள்ளி’ ஆனபொழுது ஐந்து எழுத்து எட்டாயிற்று. தும்கூர் ‘துமகூரு’ ஆனபொழுது ஆறு எட்டாயிற்று. சிமோகா ‘சிவமொக்கா’ ஆனபொழுது ஏழு பத்தாயிற்று. சிக்மகளூர் ‘சிக்கமகளூரு’ ஆனபொழுது பதினொன்று பதினான்காயிற்று.

பலகையின் நீளம் மாறாதிருக்க, அதில் எழுதவேண்டிய எழுத்துகள் மட்டும் பெருகினால் என்ன செய்வது? நான்கு வழிகள் உண்டு. எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் ஒருங்கே குறைக்கலாம், பெயரை இரண்டு வரியாகப் பிரிக்கலாம், பலகையையே மாற்றலாம், அல்லது உயரத்தைக் குறைக்காமல் அகலத்தை மட்டும் ஒடுக்கலாம். ஐந்து எழுத்து இருந்த இடத்தில் எட்டு எழுத்தை அதே உயரத்தில் அமைக்க வேண்டுமாயின், ஒவ்வோர் எழுத்தும் சராசரியாகத் தன் பழைய அகலத்தில் எட்டில் ஐந்து பங்காகச் சுருங்க வேண்டும். இந்த நான்காவது வழிக்கென்றே தோன்றிய எழுத்து வகையைப் பற்றியும், அதனை நம் மொழியில் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றியும் இக்கட்டுரை கூறுகிறது. சுவர் அறிவிப்பும் படவிளக்க அட்டையும் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியவர்களாகிய களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

எழுத்தின் மூன்று இயல்புகள்

அச்சகத்தார் இவ்வகை எழுத்தை மூன்று சொற்களால் குறிப்பர். ‘போல்டு’ என்பது கோடுகள் தடித்திருத்தலைக் குறிக்கும். ‘கண்டென்ஸ்டு’ என்பது அகலம் ஒடுங்கியிருத்தலைக் குறிக்கும். ‘சான்ஸ் செரிஃப்’ என்பது கோடுகளின் முனையில் சிறு குறுக்குக் கோடுகள் இல்லாமையைக் குறிக்கும். ஆங்கிலப் புத்தகங்களில் எழுத்தின் காலடியில் காணப்படும் பாதம் போன்ற சிறு நீட்சியே செரிஃப் எனப்படுவது. இங்கு அதனை முனைக்கோடு என்போம்.

இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. எழுத்துகளை நெருக்கி நிறுத்த வேண்டுமாயின் முனைக்கோடுகள் இடையூறாகும். ஆதலால் அவை நீக்கப்படுகின்றன. ஒடுங்கிய எழுத்து மெலிந்திருந்தால் தொலைவில் எடுபடாது. ஆதலால் அது தடிக்கச் செய்யப்படுகிறது. இவ்வாறு அமைந்த எழுத்து பக்கம் பக்கமாகத் தொடர்ந்து படிப்பதற்கு உரியதன்று. தலைப்பு, சுவரொட்டி, பெயர்ப்பலகை ஆகியவற்றில் இரண்டு மூன்று சொற்களைக் கண்ணில் படச்செய்வதே அதன் பணி.

தோற்றமும் வளர்ச்சியும்

முனைக்கோடு இல்லாத ஆங்கில அச்செழுத்து முதன்முதலில் 1816-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த நான்காம் வில்லியம் காஸ்லான் என்பாரின் மாதிரிப் புத்தகத்தில் வெளிவந்தது. அப்பொழுது புத்தகங்களுக்கு அப்பால் விளம்பரத் தாள்களை அச்சிடும் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. பெரிய எழுத்துகளை ஈயத்தில் வார்த்தால் எடையும் விலையும் மிகுந்தன. 1827-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரக்கட்டையில் பெரிய எழுத்துகளை இயந்திரத்தின் உதவியால் குடைந்தெடுக்கும் முறையைக் கண்டார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் என்பவர் அதனுடன் பான்டோகிராஃப் என்னும் படியெடுக்கும் கருவியை இணைத்தார். ஒரே மூலவடிவத்திலிருந்து பல அளவுகளில் எழுத்துகளைக் குடைந்தெடுப்பது அதனால் எளிதாயிற்று. ஒடுங்கிய எழுத்துகள் பெருகுவதற்கு இது பெரிதும் உதவியது.

1903-இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்திற்காக மாரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ‘ஆல்டர்நேட் காதிக்’ என்னும் எழுத்து இவ்வகையின் நோக்கத்தை நன்கு விளக்கும். அது 1, 2, 3 என எண்ணிடப்பட்ட மூன்று அகலங்களில் வெளியிடப்பட்டது. தலைப்பு நீண்டால் மிக ஒடுங்கியதையும், குறுகினால் சற்று விரிந்ததையும் கம்பாசிட்டர் தெரிந்தெடுத்துக் கோக்கலாம். அதாவது, சொல்லை இடத்திற்கு ஏற்ப வெட்டாமல், எழுத்தை இடத்திற்கு ஏற்ப மாற்றும் முறை அது. 1965-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஸ்டீபன்சன் பிளேக் நிறுவனத்தின் வாயிலாக ஜெஃப்ரி லீ என்பவர் வரைந்த ‘இம்பேக்ட்’ என்னும் எழுத்து வெளிவந்தது. கொடுக்கப்பட்ட இடத்தில் இயன்ற அளவு மையை நிரப்புவதே அதன் இலக்கணம் எனலாம். பிற்காலத்தில் அது கணிப்பொறிகளுடன் சேர்ந்தே வந்தமையால், இன்று அதன் பெயரை அறியாதவரும் அதன் உருவத்தை அறிவர்.

தமிழ் அச்சின் வரலாறோ வேறு வழியில் சென்றது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்து, காகிதத்தை மிகுதியாக விழுங்கின. அங்கிருந்தோர் அவற்றை ஒடுக்க முற்படவில்லை. சிறிய எழுத்துகளைத் தாமே வார்த்துக்கொண்டனர். இடப்பஞ்சத்தை நீக்க ஆங்கில அச்சு பிற்காலத்தில் அகலத்தைக் குறைத்தது. தமிழ் அச்சு அளவையே குறைத்தது. இவ்வேறுபாட்டிற்கு எழுத்தின் உருவமே ஒரு காரணம் என்பது மேலே செல்லச் செல்ல விளங்கும்.

கண்ணின் கணக்கு

ஓர் எழுத்தை எவ்வளவு தொலைவிலிருந்து படிக்க இயலும்? இதற்கு விஞ்ஞான முறையில் விடை காண வழிசெய்தவர் ஹெர்மன் ஸ்நெல்லன் என்னும் டச்சு நாட்டுக் கண் மருத்துவர். 1862-இல் அவர் வெளியிட்ட எழுத்து அட்டையே இன்றும் கண் மருத்துவமனைகளில் சுவரில் தொங்குகிறது. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை எனப்படும். இயல்பான பார்வையுடைய கண், ஒரு கலை அளவு கோணத்தில் தோன்றும் இடைவெளியைப் பிரித்தறியும் என்பதே அவ்வட்டையின் அடிப்படை. ஆறு மீட்டர் தொலைவில் ஒரு கலை என்பது ஏறத்தாழ 1.75 மில்லிமீட்டர். முப்பது மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கண் எழுத்தை அறிவது கறுப்புக் கோட்டினால் மட்டும் அன்று. கோடுகளுக்கு இடையே உள்ள வெள்ளை வெளியினாலும் ஆகும். அவ்வெளி ஒரு கலைக்குக் குறைந்துவிட்டால், இரண்டு கோடுகள் ஒரே கோடாகத் தோன்றும். கோடு எவ்வளவு தடித்திருந்தாலும் இக்குறை நீங்காது. தடிக்கத் தடிக்க வெளி குறைவதால் குறை மிகுமேயன்றித் தணியாது.

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். தமிழ் ணகரத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் நான்கு கோடுகளும் அவற்றிடையே மூன்று வெளிகளும் உள்ளன என்று கொள்வோம். கோடும் வெளியும் சமமாயின், எழுத்தின் அகலம் ஏழு பங்காகும். எழுத்தின் அகலம் 3 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு வெளியும் ஏறத்தாழ 4.3 மில்லிமீட்டர், அதனைக் கண் ஏறத்தாழ 15 மீட்டர் வரை பிரித்தறியும். இப்பொழுது அகலத்தை மாற்றாமல், கோடு வெளியைப்போல் இருமடங்கு இருக்குமாறு தடிக்கச் செய்வோம். அகலம் பதினொரு பங்காகப் பிரியும், வெளி 2.7 மில்லிமீட்டராகக் குறையும். படிக்கும் தொலைவு ஏறத்தாழ 9 மீட்டராகச் சுருங்கிவிடும். இக்கணக்கில் எழுத்தின் உயரம் இடம்பெறவே இல்லை என்பதைக் காண்க. எழுத்தைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தினாலும், இருபது சென்டிமீட்டர் உயர்த்தினாலும், அகலமும் தடிப்பும் மாறாதவரை இத்தொலைவு பெரிதாக மாறாது. உயரமான எழுத்து ‘இங்கே ஏதோ எழுதியிருக்கிறது’ என்பதைத் தொலைவிலிருந்து அறிவிக்கும். என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிவிப்பது உள்வெளியே.

இது நல்ல ஒளியில், நல்ல பார்வைக்குரிய கணக்கு. அந்தி வேளை, தூசி படிந்த பலகை, முதியோரின் கண் ஆகியவற்றைக் கருதினால் தொலைவு இன்னும் குறையும். சுண்ணாம்பு அடித்த சுவரில் வண்ணம் பரவுவதும், மலிவான தாளில் மை ஊறுவதும் வெளியை மேலும் விழுங்கும்.

மூன்று எழுத்து முறைகள், மூன்று தேவைகள்

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் யாவும் ஒரே உயரமுடையவை. பெரும்பாலும் நிமிர்ந்த கோடுகளால் ஆனவை. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் குறிகள் இல்லாதவை. ஆதலால் பக்கவாட்டில் நெருக்குவதை அவை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். நம் எழுத்துகளின் இயல்பு அவ்வாறன்று.

கன்னட எழுத்துகள் வட்டமானவை. பலவற்றின் தலையில் ‘தலைக்கட்டு’ எனப்படும் சிறு மகுடக் கோடு உண்டு. மெய்கள் இணையும்பொழுது இரண்டாவது மெய் ‘ஒத்தக்ஷரம்’ என்ற பெயரில் முதல் எழுத்தின் கீழே அமையும். ஆகவே கன்னடத்திற்கு எழுத்தின் கீழேயும் இடம் வேண்டும். உயரத்தில் தாராளம் வேண்டும். தமிழில் மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கப்படுவதில்லை. புள்ளி பெற்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். உயிர்க்குறிகளும் முன்னும் பின்னும் நின்று நீளும். ‘கொ’ என்னும் ஓர் எழுத்து மூன்று உருவங்களின் இடத்தை அடைக்கும். ஆகவே தமிழுக்குப் பக்கவாட்டில் இடம் வேண்டும். புள்ளிக்காகத் தலைமேலும் சிறிது இடம் வேண்டும்.

இதனால் விளையும் சிக்கலைப் பேருந்துகளின் ஊர்ப்பலகையை நினைத்தால் உணரலாம். மைசூரிலிருந்து தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து உதகைக்கும் பேருந்து செல்கிறது, சத்தியமங்கலத்திற்கும் செல்கிறது. ‘உதகை’ என்பதற்கு மூன்று எழுத்து. ‘சத்தியமங்கலம்’ என்பதற்கு மூன்று மெய்யும் சேர்த்து ஒன்பது எழுத்து. இரண்டும் ஒரே நீளமுள்ள பலகையில் அமைய வேண்டுமாயின் இரண்டாவதை ஒடுக்கியே தீரவேண்டும்.

சட்டங்களும் இந்நெருக்கடியைப் பெருக்குகின்றன. கர்நாடகத்தில் 2024-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி வணிக நிலையங்களின் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடத்திற்கு உரியது. பிறமொழிகள் எஞ்சிய பங்கில் அடங்கவேண்டும். தமிழ்நாட்டில் கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றிற்கு 5:3:2 என்னும் விகிதம் வகுக்கப்பட்டுள்ளது. ஒரே பலகையைப் பல மொழிகள் பகிர்ந்துகொள்ளும் நாட்டில் ஒடுங்கிய எழுத்தை முற்றிலும் விலக்குதல் இயலாது. அதனை எங்கு நிறுத்துவது என்பதே கேள்வி.

சுழியும் புள்ளியும்

‘மூன்று சுழி ண’, ‘இரண்டு சுழி ன’ என்று பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறோம். இவ்விரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. தடித்த ஒடுங்கிய எழுத்தில் முதலில் அடைபட்டுப்போவதும் இச்சுழியே. அடைபட்டால் ‘பணி’ எது, ‘பனி’ எது? ‘மணம்’ எது, ‘மனம்’ எது? ‘கணம்’ எது, ‘கனம்’ எது? நன்கு படித்தவர் சொற்றொடரை நோக்கி ஊகித்துக்கொள்வார். புதிதாக எழுத்தறிந்தவருக்கும் இளம் மாணவருக்கும் அவ்வூகம் எளிதன்று. அவர்கள் எழுத்தைக் கூட்டியே சொல்லை அடைகின்றனர்.

புள்ளியின் நிலை இன்னும் நுட்பமானது. தலைப்பு எழுத்தில் வரிகளை நெருக்கும்பொழுது, புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிவிடுகிறது. ‘அவர்’ என்பதில் புள்ளி மறைந்து, ரகரத்தின் கால்சாய்வும் நெருக்கத்தில் நிமிர்ந்துவிட்டால், அது ‘அவா’ என்று படிக்கப்படும். ஒரு சொல் பிழையாகிப் பொருளற்றுப்போவது ஒரு தீமை. பிழையாகி வேறு பொருள் தரும் சொல்லாகவே மாறுவது அதனினும் பெரிய தீமை.

இக்குழப்பம் தமிழருக்குப் புதியதன்று. பழைய ஓலைச்சுவடிகளிலும் இடைக்காலக் கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை; ரகரமும் காலும் ஒரே உருவமாக எழுதப்பட்டன. எது மெய், எது உயிர்மெய் என்பதைப் படிப்பவரே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டது. தென்னாட்டுக் கல்வெட்டுகளின் மைப்படிகளை அங்கே பல தலைமுறை அறிஞர்கள் படித்துப் பதிப்பித்துள்ளனர். அவர்களுடைய உழைப்பில் ஒரு பகுதி, இல்லாத புள்ளிகளை உரிய இடத்தில் வைத்துப் படிப்பதேயாகும். கல்வெட்டறிஞருக்கு அது தொழில். சந்தைக்குச் செல்லும் உழவரிடம் அதே உழைப்பை ஒரு சுவரொட்டி கேட்கலாகாது.

இங்கே ஒன்றைக் கூறுதல் தகும். முனைக்கோடு இல்லாமை நமக்கு அயலான பண்பன்று. எழுத்தாணியால் ஓலையில் கீறிய கோடும், உளியால் பண்டைக் குகைகளில் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்தும் முனைக்கோடற்ற, ஏறத்தாழ ஒரே தடிப்புள்ள கோடுகளே. ஆகவே அம்மூன்று இயல்புகளுள் முனைக்கோடின்மையைத் தமிழ் இயல்பாகவே ஏற்கும். தடிப்பை அளவோடு ஏற்கும். ஒடுக்கத்தையே தயங்கி ஏற்கும்.

நெருக்குவது வேறு, வரைவது வேறு

இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கணிப்பொறியிலேயே அறிவிப்புகள் தயாராகின்றன. சொல் நீண்டுவிட்டால் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்து உட்புறமாகத் தள்ளுவது பலருக்கும் கைவந்த பழக்கம். இவ்வாறு நெருக்கப்பட்ட எழுத்து உண்மையில் ஒடுங்கிய எழுத்தன்று. 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள எழுத்தை 60 விழுக்காடாக நெருக்கினால், நிமிர்ந்த கோடுகள் 6 மில்லிமீட்டராக மெலியும். கிடைக்கோடுகள் 10 மில்லிமீட்டராகவே நிற்கும். உள்வெளிகளும் அதே விகிதத்தில் குறையும். வட்டமான புள்ளி முட்டை வடிவாகும். எழுத்து மெலிந்தும் அடைபட்டும் தோன்றும்.

முறையாக வரையப்பட்ட ஒடுங்கிய எழுத்தில் வரைவாளர் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே சீராக்குகிறார். கோடுகள் மிகுந்த ணகரத்திற்கும் ஞகரத்திற்கும் சற்று அகலம் கூட்டி, அவற்றின் கோட்டை மட்டும் சிறிது மெலியச் செய்கிறார். ரகரம் போன்ற எளிய எழுத்துகளை மேலும் ஒடுக்குகிறார். புள்ளிக்குரிய இடத்தைக் காக்கிறார். அத்தகைய எழுத்துகள் இந்திய மொழிகளுக்கும் இன்று கிடைக்கின்றன. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினர் உருவாக்கி 2022-இல் வெளிவந்த ‘அநேக்’ என்னும் எழுத்துத் தொகுதி தமிழ், கன்னடம் உள்ளிட்ட ஒன்பது இந்திய எழுத்து முறைகளையும் ஆங்கில எழுத்தையும் கொண்டது. அதன் அகலம் இயல்பான அளவின் 75 விழுக்காடு முதல் 125 விழுக்காடு வரையிலும், தடிப்பு மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரையிலும் படிப்படியாக மாற்றத்தக்கது. ‘நோட்டோ சான்ஸ்’ தொகுதியின் தமிழ், கன்னட எழுத்துகளிலும் ஒடுங்கிய வடிவங்கள் உள்ளன. இவ்விரண்டையும் எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். 1903-இல் மூன்று அகலங்களாகக் கிடைத்த வசதி இன்று எண்ணற்ற படிகளாக விரிந்துள்ளது எனலாம்.

எச்சரிக்கைச் சொற்கள்

எழுத்தின் உருவம் உயிருடன் தொடர்புடையதாகும் இடங்களும் உண்டு. 1971, 1972 ஆம் ஆண்டுகளில் ஈராக் நாட்டில் பாதரச மருந்திட்ட விதைத் தானியத்தை மக்கள் உணவாக உட்கொண்டதால் 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் இறந்தனர். மூட்டைகளின்மேல் எச்சரிக்கை இல்லாமல் இல்லை; ஆனால் அது அம்மக்கள் படிக்கவியலாத அயல்மொழிகளில் இருந்தது. அங்கே தடையாயிருந்தது மொழி. தெரிந்த மொழியிலேயே எழுதி, எழுத்தை அடைத்துவிட்டாலும் முடிவு அதனின் வேறாகாது.

நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகள் இதனை ஓரளவு முன்னரே கருதியுள்ளன. சீட்டில் ஒரு சதுரத்தைச் சாய்வாக நிறுத்தி, அதனை மேலும் கீழுமாக இரு முக்கோணங்களாக்கி, மேலே எச்சரிக்கையையும், கீழே நச்சுத்தன்மையின் படிக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறங்களுள் ஒன்றையும் அமைக்க வேண்டும் என்பது விதி. அச்சதுரம் சீட்டின் முகப்பில் பதினாறில் ஒரு பங்கிற்குக் குறையலாகாது. எழுத்து தவறினாலும் நிறம் உணர்த்தும் என்பது அதன் பயன். பொட்டலப் பொருள்கள் பற்றிய 2011-ஆம் ஆண்டு எடையளவுச் சட்ட விதிகளோ எழுத்தின் ஒடுக்கத்திற்கே எல்லை வகுத்துள்ளன. எழுத்து அல்லது எண்ணின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையலாகாது. எண் ஒன்றும், ஒற்றைக் கோடாய் நிற்கும் சில ஆங்கில எழுத்துகளும் மட்டுமே இதற்கு விலக்கு. ஆங்கில எழுத்திற்கு இவ்வெல்லை போதியதாகலாம். கோடுகள் மிகுந்த தமிழ் எழுத்திற்கு இதனைக் கீழ்எல்லையாக மட்டுமே கொள்ளவேண்டும், இலக்காகக் கொள்ளலாகாது.

தமிழில் எச்சரிக்கை எழுதுவோர் கருதவேண்டிய இரு தனி இடர்கள் உள்ளன. ஒன்று, ‘நஞ்சு’ என்னும் சொல்லின் நடுவே ஞகரம் நிற்கிறது. தமிழ் எழுத்துகளுள் எளிதில் அடைபடுவனவற்றுள் அதுவும் ஒன்று. அதன் தலையில் புள்ளியும் உண்டு. மற்றொன்று, தமிழ்த் தொடரில் மறுப்புச் சொல் இறுதியில் வருகிறது. ‘உண்ணக் கூடாது’, ‘குடிநீர் அன்று’ என்றே எழுதுகிறோம். அளந்து பாராமல் இடப்புறம் தாராளமாகத் தொடங்கி எழுதுபவர், வலப்புற ஓரத்தை நெருங்கும்பொழுதுதான் இடம் போதாமையை உணர்கிறார். உடனே எழுத்தை ஒடுக்குகிறார். இவ்வாறு ஒடுக்கப்படுவது பெரும்பாலும் அம்மறுப்புச் சொல்லாகவே அமைகிறது. ‘குடிநீர்’ என்பது பெரிதாகவும் ‘அன்று’ என்பது ஓரத்தில் நெருக்குண்டும் நிற்கும் பலகை, அறிவிக்க வந்ததற்கு நேர்மாறானதை அறிவிக்கிறது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறைகளை வகுத்துக்கொள்ளலாம்.

(1) ஒடுங்கிய தடித்த எழுத்தை இரண்டு மூன்று சொற்கள் கொண்ட தலைப்பிற்கு மட்டும் பயன்படுத்துக. விளக்கப் பகுதியை இயல்பான அகலமுள்ள எழுத்தில் அமைக்க.

(2) இடம் போதாவிடில் முதலில் சொல்லைச் சுருக்குக. அடுத்து வரியைப் பிரிக்க. அதன்பின்னரே எழுத்தை ஒடுக்குக. ஒரு தொடரின் எல்லாச் சொற்களும் ஒரே அளவில் ஒடுங்க வேண்டும். இறுதிச் சொல்லை மட்டும் ஒடுக்கலாகாது. சுவரில் எழுதுமுன் சுண்ணக்கட்டியால் கட்டமிட்டு, எழுத்துகளை எண்ணி இடத்தைப் பங்கிட்டுக்கொண்டால் இத்தவறு நேராது.

(3) தடிப்பைத் தேர்ந்தெடுக்கும்பொழுது சொல்லிலுள்ள மிகக் கடினமான எழுத்தை நோக்குக. ண, ஞ, னை, ணை போன்றவற்றின் உள்வெளி கோட்டின் தடிப்பில் பாதிக்குக் குறைந்தால் ஒரு படி மெலிந்த எழுத்தைக் கொள்க.

(4) புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையே புள்ளியின் பாதியளவேனும் வெளி இருக்கட்டும்.

(5) கணிப்பொறியில் எழுத்தை இழுத்து நெருக்காமல், ஒடுங்கியதாகவே வரையப்பட்ட எழுத்தைத் தேர்ந்தெடுக்க.

(6) எச்சரிக்கை, மருந்தளவு, நாள் ஆகியவற்றிற்கு ஒடுங்கிய எழுத்தை அறவே விலக்குக. எண்களில் ஒன்று மாறினாலும் விளைவு கடுமையாகும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டே இதனைச் சோதித்துக் காட்டலாம். பணி, பனி, மணம், மனம், அவர், அவா ஆகிய சொற்களைத் தனித்தனி அட்டைகளில் ஒரே உயரத்தில் இருவகையாக எழுதுக: ஒன்று இயல்பான அகலத்தில், மற்றொன்று ஒடுக்கித் தடித்து. அட்டைகளைக் கலந்து ஒவ்வொன்றாகச் சுவரில் மாட்டுக. மாணவன் தொலைவிலிருந்து மெல்ல நெருங்கி வந்து, சொல்லை ஐயமின்றிப் படிக்கும் இடத்தில் நிற்கட்டும். சுவரிலிருந்து அவ்விடம் வரையுள்ள தொலைவை அளவு நாடாவால் அளந்து குறிக்க. பத்து மாணவர்களின் அளவுகளைச் சேர்த்துச் சராசரி கண்டால், ஒடுக்கத்தினால் படிக்கும் தொலைவு எவ்வளவு குறைந்தது என்பது எண்ணாகவே வெளிப்படும். கோணம், விகிதம், சராசரி ஆகிய மூன்று பாடங்களும் இவ்வொரு சோதனையில் அடங்கும். சிறிய எழுத்தைப் படிக்க இடர்ப்படும் மாணவர் எவரேனும் இருப்பின் அவரது கண்ணைச் சோதிக்கச் செய்யவும் இது வாய்ப்பாகும்.

களப்பணியாளர்களும் தாம் ஒட்டும் ஒவ்வோர் அறிவிப்பையும் இம்முறையில் ஒருமுறை பார்த்தல் நன்று. மக்கள் நின்று படிக்கும் தொலைவைக் காலடியால் அளந்து, அவ்விடத்திலிருந்து பொருளறியாத ஒருவரைப் படிக்கச் சொல்லவேண்டும். எழுதியவர் படித்தால் போதாது. எழுதியவருக்குச் சொல் முன்னமே தெரியும். அவர் தயங்கும் எழுத்து எதுவோ, அதனை அகலமாக மீண்டும் எழுதுவதே அவ்வறிவிப்பிற்குச் செய்யவேண்டிய திருத்தமாகும்.